படகு என்று பதியப்பட்ட தீவு

ஈச்சந்திட்டு என்கிற தீவு, கடல் உண்டான நாளிலிருந்து தான் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பி, ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முள்ளித்துறைப் படகுத்துறையின் ஓரமாக வந்து ஒதுங்கியபோது, சேதுநாச்சி கரையில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பழைய சேலைக் கிழிசலைப் பத்து விரலுக்கும் சுற்றி நூலால் கட்டிக்கொண்டுதான் அந்த ஊர்ப் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பார்கள். இல்லாவிட்டால் பவளப்பாறை கையைக் கிழித்துவிடும். எட்டாவது விரலைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், தீவைப் பார்த்தாள், மீதி இரண்டு விரலையும் கட்டி முடித்தாள், அப்புறம்தான் எழுந்தாள். பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் பதறினால் மற்ற நாற்பது பேரும் பதறுவார்கள்.

"வள்ளத்தக் கட்டிப் போடுங்கத்தா. இன்னைக்கு நடந்தே போயிரலாம்" என்றாள்.

அதுவரைக்கும் ஈச்சந்திட்டு, வள்ளத்தில் ஒரு மணி நேரம் போகிற தூரத்தில் இருந்தது. அங்கே போய், கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிப் பாசி பறித்து, பாதிப் பை நிறைவதற்குள் வனக்காவலரின் விசில் கேட்டால் பறித்ததை அப்படியே விட்டுவிட்டு வள்ளத்துக்கு நீந்தி வர வேண்டும். தீவைச் சுற்றி யாரும் எதையும் எடுக்கக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு. ஒவ்வொரு தடவையும் சேதுநாச்சி ஆடுகிற வள்ளத்தில் எழுந்து நின்று, துணி சுற்றிய பத்து விரலையும் விரித்துக் காட்டி, "இந்தக் கையப் பாருங்கய்யா, இதுல இரும்பு இருக்கா? நாங்க கொழுந்தக் கிள்ளுறவுக, வேரத் தொட மாட்டோம். மாசத்துல பன்னெண்டு நாளுதேன் வர்றோம். வேரு கெடந்தாத்தானய்யா நாளைக்கு எங்களுக்குச் சோறு?" என்று கத்துவாள். கத்திக் கத்தி அந்தப் பேச்சு காவலருக்கே மனப்பாடமாகிவிட்டது. அது வெறும் பேச்சும் இல்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அதற்கு மேல் ஒரு வள்ளமும் திட்டுக்குப் போகக் கூடாது, இரும்புச் சுரண்டியைத் தொட்டவளுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். சேதுநாச்சிக்கு நிலம் இல்லை, நகை இல்லை, அந்தப் பத்து விரலும் அந்தப் பேச்சும்தான் அவளுடைய சொத்து.

தீவு இடம் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டு வனக்காவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வந்தவர் தன் உத்தரவைப் பிரித்துப் படித்தார். அதில் தீவின் பெயரே இல்லை. அட்சரேகை இவ்வளவு, தீர்க்கரேகை இவ்வளவு என்று இடம் மட்டும்தான் இருந்தது. ஆகவே அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் படகில் போய், தீவு இல்லாத அந்தத் தண்ணீரை வழக்கம்போலக் காவல் காக்க ஆரம்பித்தார். படகுத்துறையில் நிற்கிற தீவைப் பற்றி யாராவது கேட்டால், "அது நம்ம லிமிட்டு இல்லைங்க" என்றார்.

ஒரு வாரத்தில் ஊர் தீவுக்குப் பழகிவிட்டது. அது எப்படி வந்தது என்று கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு நாள் இருக்கும் என்று மட்டும்தான் கேட்டார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை மேய விட்டார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கிழக்குப் பாறையில் சுண்ணாம்பு அடித்து, தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தாலும் 'இவ்விடம் முன்பதிவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்து அச்சடித்த காதுகுத்துப் பத்திரிகையில் முகவரி 'தீவுக்கு எதிர்ப்புறம்' என்று இருந்தது. படகைத் திருப்ப இடமில்லை என்று முதல் இரண்டு நாள் தீவைத் திட்டிக்கொண்டிருந்த விசைப்படகுக்காரர்கள், மூன்றாம் நாள் தென்காற்று தூக்கியபோது தீவுக்குப் பின்னால் நின்ற படகுகள் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஒன்று முன்னாலேயே வந்திருக்கலாமே என்று பேசிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் ஏட்டு ஒச்சப்பன் வந்தார். கடல் வழியாக எது கரைக்கு வந்தாலும், அது எங்கிருந்து வந்தது, யாருடையது, அதில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டியது கடலோரக் காவல் நிலையத்தின் வேலை. அடையாளம் இல்லாத ஒன்று கரையோரம் நின்றால் நாட்டுக்கே ஆபத்து என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கம். வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தவர். ரோந்துப் படகில் கால் வைத்தால் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். ஆனால் நேர்மையான மனிதர், வேலையில் குறை வைக்க மாட்டார். நிலையத்தில் இருந்தது படகைப் பதியும் பாரம் ஒன்றுதான். அதையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அரை நாள் தீவைச் சுற்றி அளந்துவிட்டு, பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் வந்து நின்றார்.

"ஏத்தா, இது யாருது?"

"சாமியோடதுங்கய்யா" என்றாள் சேதுநாச்சி.

"சாமி வந்து கையெழுத்துப் போடுமாத்தா? உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு. அதக் காலியா விட முடியாது."

பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டார்கள். அவர் வரி வருமா வழக்கு வருமா என்று விசாரித்துவிட்டு நழுவிவிட்டார். விசைப்படகுச் சங்கம், இருக்கிற படகுக்கே பதில் சொல்ல முடியவில்லை என்று கையை விரித்தது. சேதுநாச்சி யோசித்தாள். ஒரு கையெழுத்துப் போட்டால் தீவு தங்கள் பேருக்கு வந்துவிடும், இந்த ஜென்மத்தில் இனி விசில் சத்தம் இல்லை, நீந்தி ஓடுகிற வேலை இல்லை. விரல் துணியை அவிழ்க்காமலேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மீதிக் கட்டங்களை ஒச்சப்பன் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். எஞ்சின் குதிரைத்திறன், இல்லை. கட்டிய வருஷம், தெரியாது. எந்த மரத்தால் செய்தது என்ற கட்டத்தில், பவளப்பாறை, மணல், பூவரசு கொஞ்சம் என்று எழுதினார். பணியாளர்கள், நாற்பத்தொரு பெண்கள், மீனவர் அடையாள அட்டை எண்களோடு. ஆளுக்கு ஒரு உயிர்காக்கும் சட்டை படகில் இருக்க வேண்டும் என்பதால் நாற்பத்தொரு ஆரஞ்சுச் சட்டைகள் வந்து பூவரச மரங்களில் தொங்கின. தெற்குப் பாறையில் பதிவு எண்ணைப் பெயிண்டால் எழுதிவிட்டு ஒச்சப்பன் சொன்னார்:

"இனிமே இது அநாதை இல்லத்தா. ஆனா ஒண்ணு, கேட்டுக்க. இது எல்லைக்கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போச்சுன்னா கேசு ஒன் பேர்லதேன். நாப்பத்தோரு பேரு அட்டையும் போயிரும். அட்டை இல்லாம கடல்ல காலு நனைக்க முடியாது, தெரியும்ல?"

"தீவு எங்கிட்டய்யா போகப் போவுது?" என்று சேதுநாச்சி சிரித்தாள். ஒச்சப்பனும் சிரித்தார். அது வந்த கதை இரண்டு பேருக்குமே தெரியும், ஆனாலும் சிரித்தார்கள்.

அந்த மாசத்துப் பன்னிரண்டு நாளும் முடிந்தது. மறுநாள் காலையில் பெண்கள் கரையில் வெறுங்கையோடு உட்கார்ந்து, முழங்கால் தண்ணீரில் பாசி அலையோடு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதுநாச்சியின் நாத்தனார் முத்திருளாயிக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, நம்ம சத்தியத்துல என்ன எழுதிருக்கு? பன்னெண்டு நாளுக்கு மேல வள்ளம் போகக் கூடாதுன்னுதான?"

"ஆமா."

"நடந்து போகக் கூடாதுன்னு எழுதலையே?"

நோட்டை எடுத்துவரச் சொல்லி, படிக்கத் தெரிந்த ஒருத்தியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். வள்ளம் என்றுதான் எழுதியிருந்தது. கால் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தில் சேதுநாச்சி ஒரு அதட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எதற்காக எழுதினோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள்தானே எழுதச் சொன்னவள். ஆனால் பாசி அவ்வளவு பக்கத்தில் இருந்தது, விசில் அவ்வளவு தூரத்தில் இருந்தது. "இன்னைக்கு ஒரு நாளு மட்டும்" என்றாள்.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இன்னொரு நாள் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அமாவாசையும் பௌர்ணமியும் யாரும் கவனிக்காமல் வந்து போயின, மருமகள்கள் வந்தார்கள், மருமகள்களின் அக்கா தங்கச்சிகள் வந்தார்கள், உள்நாட்டிலிருந்து விருந்துக்கு வந்தவர்கள்கூடப் பொழுதுபோக்காக இரண்டு பை பறித்துவிட்டுப் போனார்கள். மாசத்தில் பன்னிரண்டு நாள் என்பது முப்பது நாள் ஆயிற்று. கிள்ளுவதற்குக் கொழுந்து இல்லாமல் போனது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பையெல்லாம் கரையில் வரிசையாக இருந்தபோது, தன் பையைவிட முத்திருளாயியின் பை கொழுத்திருப்பதைச் சேதுநாச்சி பார்த்தாள். தலைவியின் பை இளைத்துக் கிடப்பதா என்று அவளுக்கு மனசு எரிந்தது. மறுநாள் அவள் மடியில் ஒரு இரும்புச் சுரண்டி இருந்தது. தீவின் பின்பக்கம் தனியாகப் போய், தண்ணீருக்குள் முங்கி, பாறையோடு ஒட்டியிருந்த வேரைச் சுரண்டி எடுத்தாள். அன்றைக்கு அவள் பைதான் பெரியது. அப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் தீவு ஒரு முழம் விலகியது.

கடலின் வற்றம் பெருக்கம்தான் என்றார்கள். அடுத்த நாள் இரண்டு முழம் விலகியது. முழங்காலளவு தண்ணீரில் நடந்தவர்கள் இடுப்பளவில் நடந்தார்கள், பிறகு நெஞ்சளவில். ஒச்சப்பன் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இந்தப் படகுக்கு நங்கூரமே போடவில்லை என்று கண்டுபிடித்து, தொடை தடிமனுக்கு ஒரு கயிறு வரவழைத்துத் தீவின் பாறையில் ஒரு முனையையும் படகுத்துறையின் இரும்புத் தூணில் இன்னொரு முனையையும் கட்டிவைத்தார். சனிக்கிழமை பட்டப்பகலில், கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருக்க, ஊரே பார்த்திருக்க, தீவு கயிறோடும் தூணோடும் ஏழு ஆடுகளோடும் நாற்பத்தொரு உயிர்காக்கும் சட்டைகளோடும் கிளம்பிக் கிழக்கே போனது. ஒன்றும் வேகமில்லை. விருந்து வீட்டில் மனம் கசந்து, சாப்பிடாமல் எழுந்து போகிறவர்களின் நடை.

மீனும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மறுநாள் வலை இழுத்தவர்களுக்குச் சொறிமீனும் பிளாஸ்டிக் பையும்தான் மிச்சம். அதுவரை பெண்கள் விஷயம் என்று ஒதுங்கி இருந்த ஆம்பிளைகள் இப்போது கரையில் கூடிக் கூடிப் பேசினார்கள். கடலில் இருந்த படகுகளிலிருந்து வயர்லெஸ்ஸில் நிலையத்துக்குத் தகவல் வந்தபடி இருந்தது: "ஏட்டையா, ஒங்க நம்பர் போட்ட படகு ஒண்ணு கெழக்காம போகுது, மேல ஆடு நிக்குது." இதே நடையில் போனால் திங்கட்கிழமை சாயங்காலம் எல்லைக்கோடு என்று ஒச்சப்பன் கணக்குப் போட்டார். திங்கட்கிழமை காலையில் சேதுநாச்சியை ரோந்துப் படகில் ஏற்றிக்கொண்டார். பின்னாலேயே வள்ளங்களில் மற்ற பெண்களும், அவர்களுக்குப் பின்னால் விசைப்படகுகளும் வந்தன.

வழியெல்லாம் ஒச்சப்பன் படகின் ஓரத்தைப் பிடித்துக் குனிவதும், நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு விசாரிப்பதுமாக வந்தார்.

"நெசத்தச் சொல்லுத்தா. இது எதுக்குப் போகுது?"

"எனக்கென்னய்யா தெரியும்?"

தெரியும். அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் பத்து விரலையும் விரித்துக் காட்டுகிற பேச்சு அதோடு முடிந்தது. இனி எந்த விசிலுக்கு முன்னாலும் அவளால் எழுந்து நிற்க முடியாது. சொல்லாவிட்டால் நாற்பத்தொரு அட்டையும் முடிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

எல்லையில் இந்தப் பக்கத்துக் கப்பல் ஒன்றும் அந்தப் பக்கத்துக் கப்பல் ஒன்றும் நின்றன. நடுவில் ஈச்சந்திட்டு போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக் கப்பல், "உடனடியாக எஞ்சினை நிறுத்தவும், கைகளை உயர்த்தவும்" என்று மூன்று பாஷையில் ஒலிபெருக்கியில் சொன்னது. அந்தப் பக்கத்துக் கப்பல், இது தங்கள் கடல், வந்த வழியே திரும்பவும் என்று மூன்று பாஷையில் சொன்னது. ஆடுகள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேய்ந்தன. எல்லைக்கு இன்னும் முப்பது பாகம் தூரம்தான் இருந்தது; இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

ஒச்சப்பன் ரோந்துப் படகின் மைக்கைச் சேதுநாச்சியின் கையில் கொடுத்தார். "ஒன் படகு. நீயே கூப்புடு."

அவள் முதலில் அதட்டினாள். "ஏய், எங்கிட்டுப் போற? அங்கிட்டு ஒனக்கு யாரு இருக்கா? திரும்பு!" தீவு போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் கெஞ்சினாள். "ஒன் பேருல நாப்பத்தோரு குடும்பம் இருக்கு தாயி." இருபது பாகம். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்றாள். தீவின் நடை லேசாகத் தளர்ந்த மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

ஒச்சப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வாக்குமூலத்துல நாங்கன்னெல்லாம் சொல்லப்படாதுத்தா. நாங்கன்னா யாரு? பேரு வேணும்."

பத்து பாகம். சேதுநாச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் சேதுநாச்சி. பன்னெண்டு நாளுன்னு சத்தியம் பண்ணது நான். அத மாத்துனதும் நான். நடந்து போனா தப்பில்லைன்னு மத்தவுக சொன்னாக, தப்புன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் தலையாட்டுனேன். முத்திருளாயி பை பெருசா இருந்துச்சுன்னு பொறாமைப்பட்டுப் பதினோரு நாளு இரும்பெடுத்து ஒன் வேரச் சொரண்டுனேன். வனக்காவல்கார அய்யாகிட்ட விரலக் காட்டிக் காட்டிப் பேசுன வாயி இது. இனிமே அந்தப் பேச்சு பேச எனக்கு யோக்கியத இல்ல. நீ திரும்ப எங்க கரைக்கு வர வேணாம். ஒன் எடத்துல போயி நில்லு. நாங்க பன்னெண்டு நாளு வள்ளத்துல வாறோம். விசிலு ஊதுனா ஓடிர்றோம்."

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. இரண்டு நாட்டுக் கடலிலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

நான்கு பாகம் இருக்கும்போது தீவு நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பெரிய உடம்புக்காரர்கள் திரும்புவது போல மெல்ல மெல்லத் திரும்பியது. பின்னால் வள்ளத்திலிருந்து முத்திருளாயி, "மதினி, நானுந்தேன்! நான் ஒனக்கு முன்னாடியே இரும்பெடுத்துட்டேன்! அதான் என் பை பெருசா இருந்துச்சு!" என்று அழுதுகொண்டே கத்தினாள். அவளைத் தொடர்ந்து இன்னும் ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். விசைப்படகுக்காரர் ஒருவர், யாரும் கேட்காமலேயே, தன் வலைக்கண் சுண்டுவிரல்கூட நுழையாத அளவு சின்னது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தீவு எல்லோரையும் தாண்டி, தூணை இழுத்துக்கொண்டு, மேற்கே தன் பழைய இடத்தைப் பார்த்துப் போனது. தண்ணீருக்குள் மீன் கூட்டம் கூட்டமாக அதன் பின்னால் திரும்பியது.

சேதுநாச்சி மைக்கைக் கீழே வைக்கப் போனாள். அப்போது அந்தப் பக்கத்துக் கப்பலின் ஒலிபெருக்கி கரகரத்தது. மொழிபெயர்க்க என்று அவர்கள் ஏற்றி வந்திருந்த தமிழர் பேசினார்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. போயிடாதேங்கோ. எங்கட பக்கத்திலயும் ஒரு திட்டு போன மாசம் வெளிக்கிட்டுப் போட்டுது. எங்க நிக்குதெண்டே தெரியேல்ல. நீங்கள் இப்ப சொன்னதை இன்னொருக்கா மெதுவாச் சொல்லுவீங்களோ எண்டு கப்டன் கேக்கிறார். எழுதிக்கொள்ளுறம்."

சேதுநாச்சி ஒச்சப்பனைப் பார்த்தாள். மன்னிப்பை அந்நிய நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் ஒச்சப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. "சொல்லுத்தா" என்றார். அவள் முதலிலிருந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் சொல்வது மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

"எல்லாம் சரி அக்கா" என்றது ஒலிபெருக்கி. "சேதுநாச்சியெண்டு வாற இடத்தில மட்டும் நாங்கள் ஆருடைய பேரப் போடுறது?"

"யாரு யாரெல்லாம் புடுங்குனாகளோ, அவுக அத்தன பேரு பேரையும் போடுங்க."

அந்தக் கப்பலில் கொஞ்ச நேரம் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"அப்பிடியெண்டா பேர் நிறைய வரும், இந்த ஒரு கடதாசி காணாது, அக்கா."